'எல்லாரும் வரவில்லை' என்றால் யாராவது வந்தார்களா? – கூற்று–முடிவு வினாக்களைக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு விமர்சனம்



சிலாஜிசம் என்று வழங்கும் கூற்று–முடிவு வினாக்களுக்கு ஒரு 'சூத்திரத் தாள்' நம் புலனக் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒன்பது வரி. மனப்பாடம் செய்தால் மதிப்பெண் உறுதி என்று யாரோ மேலே எழுதியிருப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அதை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். அந்தத் தாள் எதில் உதவுகிறது, எங்கே நம்மைக் கைவிடுகிறது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்ட மண்டபத்தில் சனிக்கிழமை மாலை வகுப்பு. எஸ்.பி.எம். முடித்துவிட்டு, பொதுச் சேவை ஆணையத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள் ஒரு மாணவி. நான் தமிழாக்கிக் கொடுத்த பயிற்சியில் இப்படி ஒரு வினா:

கூற்று 1: சான்றிதழ் பெற்ற எல்லாரும் பயிற்சிக்கு வந்தவர்கள்.
கூற்று 2: எல்லாத் தொழிலாளர்களும் பயிற்சிக்கு வரவில்லை.
முடிவு: எந்தத் தொழிலாளியும் சான்றிதழ் பெறவில்லை.

'முடிவு பொருந்தும்' என்பது என் விடைத்தாளில் இருந்த பதில். அவள் 'பொருந்தாது' என்று போட்டிருந்தாள். சிவப்பு மையில் தவறு போட்டுக் கொடுத்தேன். அவள் விடவில்லை. "சார், எல்லாரும் வரலன்னா கொஞ்சப் பேரு வந்திருப்பாங்கதானே? வந்தவங்கள்ல ஒருத்தருக்குச் சான்றிதழ் கெடச்சிருக்கலாமே?" என்று கேட்டாள். "சூத்திரத்தப் பாரும்மா" என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். வகுப்பு முடிந்து போகும்போது அவள் தோழியிடம், "எனக்கு இந்த லாஜிக் மூளையே கெடையாது" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. அவளுக்கு மூளை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. தவறு என் வாக்கியத்தில் இருந்தது.

தாளில் என்ன இருக்கிறது?

அ, ஆ, இ என்று மூன்று கூட்டங்கள். முதல் கூற்று அ–ஆ. இரண்டாம் கூற்று ஆ–இ. தாள் சொல்வது இதுதான்:

எல்லா + எல்லா = எல்லா
எல்லா + எதுவும் இல்லை = எதுவும் இல்லை
எல்லா + சில = முடிவு கிடையாது
சில + எல்லா = சில
சில + எதுவும் இல்லை = சில இல்லை
சில + சில = முடிவு கிடையாது
எதுவும் இல்லை + எல்லா = சில இல்லை (திருப்பி: சில இ, அ அல்ல)
எதுவும் இல்லை + சில = சில இல்லை (திருப்பி)
எதுவும் இல்லை + எதுவும் இல்லை = முடிவு கிடையாது

ஒன்பது வரியும் சரியானவைதான். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் எதிலும் பிழை இல்லை. இந்தத் தாள் பிறந்த இடம் இந்தியாவின் வங்கித் தேர்வுப் பயிற்சி மையங்கள். அங்கே ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் 35 பகுத்தறிவு வினாக்களுக்கு 20 நிமிடம். ஒரு வினாவுக்கு 35 விநாடிகூடக் கிடையாது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அந்த நெருக்கடியில் குறுக்குவழி தேடுவதைக் குறை சொல்ல முடியாது. தமிழில் காணொளி தேடும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பதும் அதுதான். ஆனால் தாளைப் பாடமாக எடுத்துக்கொண்டால் மூன்று குறைகள் தெரிகின்றன.

முதல் குறை: பொது உறுப்பு நடுவில் நிற்க வேண்டும்

'எல்லா ரப்பர் மரங்களும் மரங்கள். எல்லாச் செம்பனைகளும் மரங்கள்.' எல்லா + எல்லா = எல்லா என்று அவசரப்பட்டால், எல்லா ரப்பர் மரங்களும் செம்பனைகள் என்று வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளை சிரித்துவிடுவான். அதே கணக்கை அ, ஆ, இ என்று எழுதிக் கொடுங்கள். சிரிக்காமல் தவறான விடையில் கோடு போடுவான்.

காரணம் எளிது. பொது உறுப்பு முதல் கூற்றின் கடைசியிலும் இரண்டாம் கூற்றின் தொடக்கத்திலும் நின்றால்தான் இந்த அட்டவணை செல்லும். இங்கே 'மரங்கள்' இரண்டு கூற்றிலும் கடைசியில் நிற்கிறது. ஒன்றைத் திருப்ப வேண்டும். 'எல்லாச் செம்பனைகளும் மரங்கள்' என்பதைத் திருப்பினால் 'சில மரங்கள் செம்பனைகள்' என்று மட்டுமே வரும். இப்போது எல்லா + சில, முடிவு கிடையாது. திருப்பும் விதி மூன்றே: 'எல்லா' திரும்பினால் 'சில' ஆகும், 'சில' திரும்பினாலும் 'சில', 'எந்த அ-வும் ஆ இல்லை' திரும்பினால் 'எந்த ஆ-வும் அ இல்லை'. தாளைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்த்துப் பகிர்வதில்லை.

இரண்டாம் குறை: ஒரு வாக்கியத்துக்கே இடமில்லை

அட்டவணையை மறுபடி பாருங்கள். 'எல்லா', 'சில', 'எதுவும் இல்லை' ஆகிய மூன்றும்தான் கூற்றுகளாக வருகின்றன. நாலாவது ஒன்று உண்டு: 'சில அ, ஆ அல்ல'. அது முடிவில் வருகிறது, கூற்றில் வரவே இல்லை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே வாக்கிய வகை நான்கு. தாளில் மூன்றுதான் இருக்கின்றன.

நான் தவறு போட்ட அந்த மாணவி, என் இரண்டாம் கூற்றை இந்த நாலாவது வகையாகப் படித்திருக்கிறாள்: 'சில தொழிலாளர்கள் பயிற்சிக்கு வந்தவர்கள் அல்ல.' அப்படிப் படித்தால் அவள் விடை முற்றிலும் சரி. கிடைக்கும் முடிவு 'சில தொழிலாளர்கள் சான்றிதழ் பெற்றவர்கள் அல்ல' என்பது மட்டுமே. 'எந்தத் தொழிலாளியும் பெறவில்லை' என்று சொல்ல முடியாது. இந்தச் செல்லுபடியான முடிவை அட்டவணை தரவே தராது. 'சில அல்ல' வாக்கியத்தைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாததால் பொது உறுப்பை நடுவில் கொண்டுவரவும் முடியாது. "சூத்திரத்தப் பாரும்மா" என்றேனே, பார்ப்பதற்கு அதில் அவளுக்கான வரியே இல்லை.

சரி, அவள் படித்தது சரியான தமிழா? தமிழாசிரியர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'எல்லாரும் வரவில்லை' என்பதை ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம். வந்தவர் சிலர், வராதவர் சிலர் என்றும் கொள்ளலாம். இது இன்று நேற்று வந்த குழப்பம் இல்லை. உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லும் பவணந்தி முனிவரின் நன்னூல், முற்றும்மை சில இடங்களில் எச்சவும்மையாகவும் பொருள் தரும் என்று தனியே ஒரு விதி வைத்திருக்கிறது. 'பத்தையும் கொடுக்க மாட்டான்' என்று ஒருவன் சொன்னால், பத்தில் சிலவற்றைக் கொடுப்பான் என்றும் அர்த்தம் வருகிறதே, அதுதான். முற்றும்மையோடு எதிர்மறை சேர்ந்தால் பொருள் இரண்டாகப் பிரியும் என்று நம் இலக்கணம் என்றைக்கோ கண்டுவிட்டது. நான்தான் கணக்கு வகுப்பு என்று நினைத்து இலக்கணத்தை வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

நம் பிள்ளைகளின் நிலையையும் யோசிக்க வேண்டும். ஆறாம் ஆண்டு வரை தமிழில் 'எல்லா' என்று படிக்கிறார்கள். இடைநிலைப் பள்ளியில் மலாயில் 'செமுவா' வருகிறது. பயிற்சி நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. இரவில் கைப்பேசியில் பார்க்கும் விளக்கம் மறுபடி தமிழில். மலாயில் 'புக்கான் செமுவா' என்று முன்னால் போட்டுவிட்டால் 'எல்லாம் அல்ல' என்பது தெளிவாகிவிடும். தமிழில் எதிர்மறை வினையோடு கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது முழு வாக்கியத்தை மறுக்கிறதா, வருகையை மட்டும் மறுக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே தமிழில் வினா எழுதுகிற ஆசிரியர்கள் 'எல்லா...வில்லை' என்ற அமைப்பைத் தேர்வுத் தாளில் அறவே தவிர்க்க வேண்டும். 'எந்தத் தொழிலாளியும் வரவில்லை' அல்லது 'சில தொழிலாளர்கள் வரவில்லை' என்று இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

இன்னும் இரண்டு சொற்கள் கவனத்துக்கு உரியவை. பேச்சில் 'சில பேர் வந்தாங்க' என்றால் மற்றவர்கள் வரவில்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். தேர்வில் 'சில' என்றால் 'ஒன்றாவது'; எல்லாமாகவும் இருக்கலாம். 'சில மட்டுமே' என்று இருந்தால்தான் மற்றவை அப்படி இல்லை என்ற பொருளும் சேரும். அடுத்தது 'மட்டும்'. 'உறுப்பினர்கள் மட்டும் உள்ளே வந்தார்கள்' என்றால் உள்ளே வந்த எல்லாரும் உறுப்பினர்கள். உறுப்பினர் எல்லாரும் உள்ளே வந்ததாக அர்த்தமில்லை. வாக்கியத்தின் திசையே திரும்பிவிடுகிறது.

மூன்றாம் குறை: உண்மை வேறு, செல்லுபடி வேறு

கோலசிலாங்கூர் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

எல்லா மின்மினிகளும் பூச்சிகள். சில பூச்சிகள் இரவில் ஒளிர்பவை. முடிவு: சில மின்மினிகள் இரவில் ஒளிர்பவை.

கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் படகில் போய் மின்மினி பார்த்த பிள்ளை 'பொருந்தும்' என்றுதான் சொல்லும். முடிவு உண்மைதான், கண்ணால் கண்டது. ஆனால் அந்த இரண்டு கூற்றிலிருந்து அது வரவில்லை. ஒளிர்கிற அந்தச் 'சில பூச்சிகள்' வேறு பூச்சிகளாக இருக்கலாம். இதைத் தலைகீழாக்குவோம்:

எல்லாப் பூச்சிகளும் பகலில் மட்டும் பறப்பவை. எல்லா மின்மினிகளும் பூச்சிகள். முடிவு: எல்லா மின்மினிகளும் பகலில் மட்டும் பறப்பவை.

முடிவு சுத்தப் பொய். ஆனாலும் பொருந்தும், கூற்றுகளை ஒப்புக்கொண்டால் முடிவையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நம் பிள்ளைகள் மட்டும் இதில் தடுமாறுவதில்லை. 1983-இல் இங்கிலாந்தில் எவன்ஸ், பார்ஸ்டன், பொல்லார்ட் ஆகிய ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, நம்பத்தக்கதாக இருந்த தவறான முடிவுகளை அவர்களும் பத்துக்கு ஏழு தடவை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த வேறுபாட்டைத் தாள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. நம் படிவம் 4 கணிதப் பாடநூலின் மூன்றாம் அத்தியாயமான தர்க்கச் சிந்தனை சொல்கிறது. ஒரு வாதம் செல்லுபடியாகுமா என்பது ஒரு கேள்வி. கூற்றுகளும் உண்மையாக இருந்து வாதம் ஏற்கத்தக்கதா என்பது இன்னொரு கேள்வி. மலாயில் 'சாஹ்', 'முனாசாபா' என்று இரண்டு தனிச் சொற்கள். இது அந்தப் பாடத்தின் பெரிய பலம். அதன் குறையையும் சொல்ல வேண்டும்: அங்கே வருகிற மூன்று வாத வடிவங்களும் 'எல்லா', 'என்றால்' ஆகியவற்றின் மேல் நிற்பவை. 'சில' வரும் வாதங்களுக்கு அங்கே பயிற்சி கிடைப்பதில்லை. எஸ்.பி.எம்.-இல் நல்ல புள்ளி வாங்கிய பிள்ளையும் நுழைவுத் தேர்வில் 'சில'வைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

வேறொரு வகுப்பில் நடந்தது. 'எல்லா ரப்பர் மரங்களும் பால் தரும். இது ரப்பர் மரம். ஆகவே இது பால் தரும்' என்று எழுதிப் போட்டேன். ஒரு பையன் "தப்பு சார்" என்றான். "கன்னு மரத்த வெட்ட மாட்டாங்க சார். அஞ்சாறு வருசமாவது ஆகணும். எல உதிர்ற நேரத்துலயும் பால் கொறஞ்சிரும். பாட்டி சொல்லியிருக்காங்க." மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அவன் முதல் கூற்றையே கேள்வி கேட்கிறான். அது இரண்டாவது கேள்விக்கான பதில். தேர்வு கேட்பதோ முதல் கேள்வி. "நீ சொன்னது உண்மை. ஆனா தாள்ல கேக்கறது, அந்த ரெண்டு வரியையும் ஒத்துக்கிட்டா மூணாவது வருமான்னு" என்று பிரித்துச் சொன்னதும் அவன் பிடித்துக்கொண்டான்.

இப்படிப் பதில் சொல்பவர்களுக்குத் தர்க்கம் வராது என்று முடிவு கட்டுவது பழைய தவறு. 1931–32இல் உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமத்து மக்களிடம், 'பனி பெய்யும் வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை. இந்த ஊர் வடகோடியில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?' என்ற வகையில் கேட்டார். பள்ளி காணாத பலர், தாங்கள் பார்க்காததைப் பற்றிச் சொல்ல மாட்டோம், போய் வந்தவரைக் கேளுங்கள் என்றார்கள். சிறிது காலம் கல்வி பெற்றவர்களோ எளிதாக விடை சொன்னார்கள். 'இந்த இரண்டு வரியை மட்டும் வைத்து ஆடு' என்ற ஆட்ட விதியைத்தான் பள்ளி கற்றுத் தருகிறது. விதியைச் சொல்லாமல் ஆடச் சொல்லிவிட்டுத் தோற்றவனைக் குறை சொல்லக் கூடாது.

பார்த்ததைக் கேட்பதும் ஒரு மரபுதான். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்பு. மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையில் கண்டதுபோல. அந்த அடுக்களைதான் திட்டாந்தம், அதாவது கண்ட எடுத்துக்காட்டு. அரிஸ்டாட்டிலின் வடிவத்தில் அதற்கு இடமில்லை. பாட்டியின் மரத்தைக் கொண்டுவந்த பையன் திட்டாந்தம் கேட்டிருக்கிறான். தமிழ் வகுப்பில் இந்தக் காதையையும் கணித வகுப்பில் அந்த மூன்றாம் அத்தியாயத்தையும் சேர்த்துப் படித்தால், தர்க்கம் வெளியிலிருந்து வந்த பூச்சாண்டி என்ற பயம் பிள்ளைகளுக்கு வராது.

அப்படியானால் எப்படிக் கற்பிப்பது?

தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நான் இப்போது செய்வது மூன்று.

ஒன்று, முதல் இரண்டு வகுப்பில் வாக்கியம் மட்டும். முடிவே கேட்பதில்லை. ஒவ்வொரு கூற்றையும் நான்கு வகையில் ஒன்றாக மாற்றி எழுத வேண்டும்: எல்லா அ-வும் ஆ; எந்த அ-வும் ஆ இல்லை; சில அ ஆ; சில அ ஆ அல்ல. 'மட்டும்', 'தவிர', 'எல்லா...வில்லை' எல்லாம் இங்கேயே அவிழ்ந்துவிடும்.

இரண்டு, சொல்லைப் பெயர்ச்சீட்டாகப் பார்க்கப் பழக்குவது. நம் வட்டாரத்திலேயே உதாரணம் உண்டு. தென்னமரம் தோட்டம் என்ற பெயரைக் கேட்டால் தேங்காய் நினைவுக்கு வரும். ஆனால் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது அங்கேதான். பெயரைப் பார்த்து விளைச்சலைச் சொல்ல முடியாது. அதுபோல, கூற்றில் 'மின்மினி' என்று இருந்தாலும் அதை வெறும் 'அ' என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்று, வட்டம் வரைதல். 1880-இல் ஜான் வென் விளக்கிய படமுறைதான் இன்றைக்கும் கைகொடுப்பது. ஆனால் முடிவுக்கு ஒத்துவரும் ஒரு படத்தை வரைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. கூற்றுகளை மீறாமல், முடிவைப் பொய்யாக்கும் படம் ஒன்று வரைய முடிகிறதா என்று முயலுங்கள். வரைய முடிந்தால் முடிவு பொருந்தாது. எப்படி முயன்றும் முடியவில்லை என்றால் பொருந்தும்.

செய்து பாருங்கள்

1. எல்லா லோரிகளும் வண்டிகள். எந்த வண்டியும் படகு இல்லை. முடிவு: எந்த லோரியும் படகு இல்லை.

2. சில ஆசிரியர்கள் கவிஞர்கள். எல்லாக் கவிஞர்களும் வாசகர்கள். முடிவு (க): சில ஆசிரியர்கள் வாசகர்கள். முடிவு (ங): எல்லா வாசகர்களும் கவிஞர்கள்.

3. இரவு வகுப்பு மாணவர்கள் மட்டும் பஸ்ஸில் வந்தார்கள். பஸ்ஸில் வந்த எல்லாரும் நனைந்தார்கள். முடிவு: இரவு வகுப்பு மாணவர்கள் எல்லாரும் நனைந்தார்கள்.

4. சில படகுகள் மரத்தாலானவை. மரத்தாலானவற்றில் சில பழையவை. முடிவு (க): சில படகுகள் பழையவை. முடிவு (ங): எந்தப் படகும் பழையது இல்லை.

விடைகள்: 1 பொருந்தும். 2-இல் (க) மட்டும் பொருந்தும். 3 பொருந்தாது, பஸ்ஸில் வராத இரவு வகுப்பு மாணவர் இருக்கலாம், 'சிலர் நனைந்தார்கள்' என்று மட்டுமே சொல்லலாம். 4-இல் இரண்டும் தனித்தனியே பொருந்தாது. ஆனால் ஒன்று பொய்யானால் மற்றது உண்மையாகியே தீரும், ஆகவே 'க அல்லது ங' என்பதே விடை.

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவியின் தாளைத் திரும்ப வாங்கி, சிவப்புக் கோட்டை அடித்துவிட்டுச் சரி போட்டேன். வகுப்பு முன்னிலையில், "வினா தப்பு, உன் விடை சரி" என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த தோழியிடமிருந்து பேனாவை வாங்கி, என் இரண்டாம் கூற்றின் கீழே 'சில தொழிலாளர்கள் வரவில்லை' என்று தெளிவாக எழுதி, தாளை என்னிடமே நீட்டினாள். இப்போது அந்தத் தாளைத்தான் புதிய மாணவர்களுக்கு முதல் வகுப்பில் காட்டுகிறேன்.